அண்ணன் வண்டி, தம்பி வண்டி

டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக இரண்டு வேன்கள் இருந்தன. இரண்டுமே பழையவை. முதலில் வாங்கியதை அண்ணன் வண்டி என்றும், அடுத்து வாங்கியதைத் தம்பி வண்டி என்றும் நோயாளிகள் சொல்வார்கள். அலுவலகத்தில் அவற்றுக்கு ஊர்தி அ, ஊர்தி ஆ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கைகாட்டி நிறுத்தியதில்லை.

அண்ணன் வண்டிக்கு நான்கு கியர், பெரிய எஞ்சின், கனத்த உடம்பு. புறப்படும்போது முனகும். வேகம் வராது. ஆனால் மருத்துவமனைக்கு முன்னால் இருக்கும் மேட்டை நிற்காமல் ஏறிவிடும். தம்பி வண்டிக்கு ஐந்து கியர். எஞ்சின் சின்னது, டீசல் குறைவாகக் குடிக்கும், சமதளத்தில் பறக்கும். அதே மேட்டில் பாதி ஏறியதும் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பும். ஓட்டுநர் இறங்கித் தண்ணீர் ஊற்றுவார். பின்கதவைச் சாத்த முடியாது என்பதால் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

எது நல்ல வண்டி என்பதில் பயணிகளுக்குள் தீராத வழக்கு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அண்ணன் கட்சி. இளவயதுக்காரர்கள் தம்பி கட்சி. புரூஃப் சார் மட்டும் நடுநிலை.

"அண்ணன்ல ஏறினா மெதுவா போய்ச் சேருவோம். தம்பியில ஏறினா சீக்கிரமா போய்ச் சேர்ந்துடுவோம். எது வேணும்னு அவங்கவங்க முடிவு பண்ணிக்கலாம்" என்று அவர் ஒருநாள் சொன்னபோது வண்டியே சிரித்தது. ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டுநர் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அதனால் பைலட் என்று பெயர்.

புரூஃப் சார் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு வாரம் மூன்று முறை வேன் ஏறினார். கூடவே மனைவியும் ஏறுவாள். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள், தெருவுக்கே தையலக்கா. கணவருக்கு ரத்தம் சுத்தமாகும் நேரமெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைப்பாள். தெருமுனையில் அவர்களோடு தபால்காரரும் ஏறுவார். மூன்று பேரும் ஏறியதும் பைலட் கதவைச் சாத்துவார், அல்லது கயிற்றைக் கட்டுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததை நோயாளர் போக்குவரத்து வாரியம் கவனித்துவிட்டது.

வாரியத்திலிருந்து எல்லா நோயாளிகளுக்கும் கடிதம் வந்தது. இரு ஊர்திகளும் வயது முதிர்ந்தவை. ஒன்றை மட்டுமே தொடர்ந்து பராமரிக்க இயலும். எதை வைத்துக்கொள்வது என்பதை அறிவியல்முறைப்படி முடிவுசெய்ய ஒரு குழு அமைக்கப்பட்டுள்ளது. ஒப்பீடு முடியும்வரை இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டியிருப்பதால் சேவை நிறுத்தி வைக்கப்படுகிறது. இதனால் நோயாளிகளுக்கு ஏற்படும் மேம்பாட்டை அவர்கள் பொறுமையுடன் எதிர்நோக்கலாம்.

புரூஃப் சார் கடிதத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு படித்தார்.

"ஊர்திகளை ஒப்பிட்டு பார்க்கும் குழுன்னு போட்டிருக்கான். நடுவுல 'ப்' இல்லை."

"அது கிடக்கட்டுங்க. வேன் வராதா?" என்றாள் தையலக்கா.

"'ப்' போட மறந்தவன் வேன் அனுப்ப ஞாபகம் வச்சிருப்பானா?" என்றார்.

அடுத்த முறை பஸ்ஸில் போனார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் மேட்டுக்குக் கீழேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். மேட்டை நடந்து ஏற வேண்டும். புரூஃப் சார் நாலு தடவை உட்கார்ந்து எழுந்து ஏறினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் தையலக்கா வாரிய அலுவலகத்துக்குப் போனாள். வேன் எப்போது வரும் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மேஜையில் இரண்டாவது மேஜைக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவது மேஜையில் ஆள் இல்லை. மூன்றாவது மேஜையிலிருந்த எழுத்தர் அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பயணியா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர் நோயாளி. நான் கூடப் போறவ."

எழுத்தர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. குழுவில் பயணிகள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. யாரும் கிடைக்காமல் கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவளைக் கையோடு அழைத்துப்போய் ஒரு நீண்ட மேஜையின் ஓரத்தில் உட்காரவைத்தார். முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலும், 'பயணிகள் பிரதிநிதி' என்று எழுதிய அட்டையும் இருந்தன. அட்டை ஏற்கெனவே தயாராக இருந்தது. ஆள்தான் பாக்கி.

குழுத் தலைவர் பேச எழுந்தார். நல்ல உயரம். பேசும்போது விரல்களைக் கூப்பி மூக்கின் கீழே வைத்துக்கொள்வார்.

"ரெண்டு பழைய வண்டியில எது நல்லதுன்னு கேட்டா, தெருவுல போறவன்கூட ஒரு பதில் சொல்லிடுவான். அதுதான் ஆபத்து. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை நாமளும் சொன்னா, அப்புறம் வாரியம்னு ஒண்ணு எதுக்கு? அதனால அவசரப்படாம, தெரியாதுங்கிற இடத்திலேருந்து ஆரம்பிப்போம்."

கைதட்டினார்கள். தையலக்காவும் தட்டினாள். தட்டி முடித்ததும், "வேன் எப்ப சார் வரும்?" என்று கேட்டாள்.

தலைவர் புன்னகைத்தார். "அருமையான கேள்வி" என்றார். பயணிகள் பிரதிநிதி ஒப்பீட்டில் மிகுந்த ஆர்வம் தெரிவித்தார் என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். பிறகு தேநீர் வந்தது.

முதல் கட்டம், காகிதத்தில் ஒப்பீடு. வண்டிகளைச் செய்த கம்பெனியின் பழைய விளக்கப் புத்தகத்தை வைத்து எஞ்சின் கொள்ளளவு, குதிரைத்திறன், உச்ச வேகம், திரும்பும் வட்டம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அண்ணன் வண்டியின் புத்தகம் கிடைத்தது. தம்பி வண்டியின் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர் ஒரு வழி சொன்னார். வண்டி ஓட்டத் தெரியாத, ஆனால் வண்டிகளைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியவர் அவர்.

"ரெண்டும் ஒரே கம்பெனி. இருக்கிற புத்தகத்தையே ரெண்டுக்கும் வச்சுக்கலாம்."

அப்படியே வைத்துக்கொண்டு பார்த்ததில், இரண்டு வண்டிகளும் எல்லா அம்சத்திலும் அச்சாக ஒரே மாதிரி இருப்பது தெரியவந்தது. குழுவுக்குப் பெரிய வியப்பு. இவ்வளவு பொருத்தம் வேறெந்த வாரியத்திலும் கிடையாது என்று தலைவர் பெருமைப்பட்டார். தையலக்கா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"சார், ஒண்ணுக்கு நாலு கியர், இன்னொண்ணுக்கு அஞ்சு. பைலட் போடும்போது பாத்திருக்கேன்."

"பாத்ததைச் சொல்றீங்க. நாங்க ஆதாரத்தைச் சொல்றோம்" என்றார் தொழில்நுட்ப உறுப்பினர், கோபமே இல்லாமல்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது புரூஃப் சார் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். அந்த வாரம் ஒரு முறை போகவில்லை. "இன்னைக்கு முடியலம்மா. அடுத்ததுக்குப் போயிக்கலாம்" என்றார். பாதம் வீங்கியிருந்தது. அழுத்தினால் பள்ளம் விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஆட்டோவில் போகலாம் என்று அவள் சொன்னாள். ஒரு தடவை போனார்கள். ஆட்டோ மேட்டில் குலுக்கிய குலுக்கலில் அவர் வாந்தி எடுத்தார். அதன்பிறகு ஆட்டோக்காரர் அவர்களைப் பார்த்தால் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ குழுவுக்குப் போறதை விட்டுடாதே" என்றார் புரூஃப் சார். "நீ போகலேன்னா மறுபடி ஆள் தேடுவாங்க. அதுக்கு ஒரு குழு போடுவாங்க."

அதனால் அவள் விடாமல் போனாள்.

இரண்டாம் கட்டம், ஓட்டிப் பார்ப்பது. இரண்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் கிளப்பினால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும் என்று தலைவர் சொல்லிவிட்டார். வாரிய வளாகத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அண்ணன் வண்டி முனகிக்கொண்டு கிளம்பியது. தம்பி வண்டியில் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி இல்லை.

"ரெண்டுக்கும் சேத்து ஒரே பேட்டரிதான் சார்" என்றார் மெக்கானிக். "எது அன்னைக்குப் போகுதோ அதுல மாட்டுவோம். பைலட்டும் ஒருத்தர்தானே."

இன்னொரு பேட்டரி வாங்கலாம்தான். ஆனால் எந்த வண்டி நிலைக்கும் என்று தெரியாமல் வாங்குவது விரயம். ஒப்பீடு முடிந்த பிறகே வாங்க முடியும். பேட்டரி இல்லாமல் ஒப்பீடு நடக்காது. குழு இதை நெடுநேரம் விவாதித்தது. கடைசியில் ஒரே பேட்டரியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது என்றும், மாட்டும் இடைவெளியில் காலம் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வது என்றும் தீர்மானம் போட்டார்கள்.

வண்டியில் ஆள் இல்லாமல் ஓட்டினால் உண்மையான செயல்திறன் தெரியாது. நோயாளிகளை ஏற்றலாம் என்று பைலட் சொன்னார். "அப்படியே மருத்துவமனை வரைக்கும் ஓட்டிட்டு வந்தா மேடும் தெரிஞ்சுடும், இறக்கமும் தெரிஞ்சுடும்."

தலைவர் அதிர்ந்துவிட்டார். "நோயாளிகளை வச்சு சோதனை பண்றதா? நாம மனுஷங்க இல்லையா?"

ஆகவே மணல் மூட்டைகள் வந்தன. ஒவ்வொரு நோயாளியின் எடைக்கும் ஒரு மூட்டை. எழுத்தர் மருத்துவமனையிலிருந்து எடைகளை வாங்கிவந்து மூட்டைகளில் ஒட்டினார். தபால்காரரின் மூட்டை குட்டையாகவும் பருத்தும் இருந்தது. புரூஃப் சார் மூட்டை நடுத்தரம். ஒவ்வொன்றும் அந்தந்த நோயாளி வழக்கமாக உட்காரும் இருக்கையில் வைக்கப்பட்டுப் பெல்ட்டும் போடப்பட்டது. நோயாளிகள் அந்த இருக்கைகளில் உட்கார்ந்த காலத்தில் பெல்ட் கிடையாது.

"இவருக்கு எடை ஏதாவது மாறியிருக்கா?" என்று தொழில்நுட்ப உறுப்பினர் தையலக்காவிடம் கேட்டார்.

"ரெண்டு கிலோ கூடியிருக்கு சார். தண்ணி கோத்திருக்கு."

"குட். இப்படித் துல்லியமா சொல்ற பிரதிநிதி கிடைக்கிறது அபூர்வம்" என்று சொல்லி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மூட்டையின் வாயை அவிழ்த்து மண்வெட்டியால் கொஞ்சம் மணல் அள்ளிப் போட்டுக் கட்டினார்.

நோயாளியோடு துணைக்கு ஒருவர் போவது வழக்கம் என்பதால் தையலக்கா மூட்டையின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. பைலட் வண்டியை எடுத்தார். வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். திரும்பும் வட்டத்தை அளக்க ஒருவர் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். ஒரு திருப்பத்தில் மூட்டை அவள் தோளில் சாய்ந்தது. அவள் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை.

"துணையாளின் ஒத்துழைப்பு திருப்திகரம்" என்று வெளியிலிருந்து எழுத்தர் குறித்தார்.

அண்ணன் வண்டியில் ஒருநாள், தம்பி வண்டியில் ஒருநாள் என்று இது நடந்தது. உச்ச வேகத்தைப் பார்க்க வேண்டியிருந்தபோது, மதில் குறுக்கே வந்ததால் இரண்டும் மூன்றாவது கியரோடு நின்றன. இருக்கை சுகம், சத்தம், புகை, ஹாரன் இனிமை எல்லாம் பார்த்தார்கள். மணல் மூட்டைகள் வாரத்தில் நாலு நாள் வேனில் போய்வந்தன. புரூஃப் சார் வாரத்தில் ஒருநாள் பஸ்ஸில் போய்வந்தார்.

மேடு ஏறும் சோதனைதான் கடைசி. மருத்துவமனை மேடு வாரியத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால், அலுவலக வாசலில் தூக்குப்படுக்கை ஏற்றப் போட்டிருந்த சிமெண்டுச் சாய்தளத்தில் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் வண்டி முன்சக்கரங்களை அதில் வைத்து ஒரு உறுமு உறுமியது. அந்த அதிர்ச்சியில் முன்னால் இருந்த நம்பர் பிளேட் கழன்று விழுந்தது. அதன் அடியில் இன்னொரு நம்பர் பிளேட் இருந்தது. அது தம்பி வண்டியின் எண்.

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

"வருஷா வருஷம் தகுதிச் சோதனைக்குப் போறப்போ, எது நல்லா ஓடுதோ அதையே பிளேட்டை மாத்தி மாத்தி ரெண்டு தடவை காட்டிட்டு வருவோம் சார்" என்றார் அவர். "எப்பவோ ஒரு தடவை திருப்பி மாத்த மறந்திருக்கும். எஞ்சின் நம்பரைப் பாத்துக்கலாம்னா, அது துருப்பிடிச்சு எப்பவோ போச்சு."

அப்படியானால் ஊர்தி அ என்று இதுவரை அளந்தது அண்ணனா தம்பியா? தொழில்நுட்ப உறுப்பினர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல என்ன சார் இருக்கு" என்றாள் தையலக்கா. "அ-ங்கிற இடத்துல ஆ-ன்னு போட்டுட்டு, ஆ-ங்கிற இடத்துல அ-ன்னு போட்டா முடிஞ்சுது. எதையாவது ஒண்ணை நாளைக்கு அனுப்புங்க. கதவுல கயிறு கட்டினதா இருந்தாலும் பரவாயில்லை."

தலைவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, சொந்தத் தங்கையிடம் பேசுவதுபோல் பேசினார்.

"அம்மா, மாத்திப் போட்டா அது திருத்தம். திருத்தம்னா தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம். இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு தப்புகூட நடந்ததில்லை. ஏன்னா நாங்க எதையுமே திருத்தினதில்லை. வண்டி ஓடறது யாருக்கு வேணும்? எந்த வண்டி ஓடலைன்னு நமக்குத் தெளிவா தெரியணும். அதுதான் நிர்வாகம்."

எது எந்த வண்டி என்று கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். புரூஃப் சார் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "எதையுமே திருத்தினதில்லையாமா? நான் முப்பது வருஷம் திருத்தினேன். எவ்வளவு தப்பு பண்ணியிருக்கேன் பாரு" என்றார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினார்.

அந்த வாரத்தில் ஒரு காலை அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸும் அதே வாரியத்துக்குச் சொந்தம். அதன் ஓட்டுநர் துணைக்குழுவின் விசாரணைக்குப் போயிருந்தார். எதிர்வீட்டுக்காரரின் காரில் கொண்டுபோனார்கள். மேடு ஏறி முடிப்பதற்குள் புரூஃப் சார் இறந்துபோனார். கார் நன்றாகத்தான் ஏறியது.

தையலக்காவுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அவள் எல்லோருக்கும் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவரும் இளைத்திருந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாளில் அங்கே போவது பழகியிருந்தது. தவிர, இன்னும் பலர் பஸ் மாறிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் எழுந்து நின்றார். எல்லோரும் நின்றார்கள். மௌனம் அனுசரித்தார்கள். ஒப்பீட்டுப் பணிக்குத் தன் எடையை வழங்கி உதவிய பயணியின் மறைவுக்கு இரங்கல் தீர்மானம் வாசிக்கப்பட்டது. தீர்மானத்தின் நகலை அவளிடம் கொடுத்தார்கள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அவள் அதைப் படிக்காமலே மடித்து வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் உட்கார்ந்ததும் தொழில்நுட்ப உறுப்பினர் தொண்டையைக் கனைத்தார்.

"சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சுமை குறைஞ்சிருக்கு. பழைய அளவு எதுவும் இனிமே செல்லாது. ஓட்டத்தை முதல்லேருந்து பண்ணணும்."

"பண்ணிடுவோம்" என்றார் தலைவர். "அம்மா, நீங்க மனசைத் தேத்திக்கிட்டு வந்தாப் போதும்."

ஜன்னலுக்கு வெளியே, எழுத்தர் தம்பி வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். தனியாகத் தூக்க முடியவில்லை. பைலட் போய் ஒரு கை கொடுத்தார். இரண்டு பேரும் அதைச் சுமந்துபோய், வாசலில் வரிசையாக இருந்த பூந்தொட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார்கள். மூன்று தொட்டிகள் நிரம்பின. காலிச் சாக்கை எழுத்தர் உதறி மடித்தார். பைலட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கண்களை அவள் அன்றுதான் பார்த்தாள், வயதான கண்கள்.

தையலக்கா முன்னால் இருந்த தண்ணீரைக் குடித்தாள்.

ஒப்பீடு ஒருவழியாக முடிந்தது. விழா எடுத்தார்கள். வளாகத்தில் பந்தல், ஒலிபெருக்கி. இரண்டு வண்டிகளும் கழுவி நிறுத்தப்பட்டிருந்தன. பயணிகள் பிரதிநிதிக்கு முன்வரிசையில் இடம். தலைவர் விரல்களைக் கூப்பினார்.

"இந்த ஒப்பீட்டுக் காலத்துல ஒரு விபத்துகூட நடக்கலை. ஒரு டயர்கூட தேயலை. வண்டி லேட்டுன்னு ஒரு புகார்கூட வரலை. டீசல் செலவு இதுவரைக்கும் இல்லாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு. வண்டியை நிறுத்தி வச்சா இவ்வளவு நல்லது நடக்கும்னு நமக்கு இத்தனை வருஷமா தெரியாமப் போச்சு. இந்த வெற்றியை மத்த சேவைகளுக்கும் கொண்டுபோகணும்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. பிறகு முடிவை அறிவித்தார்கள். ஹாரன் இனிமையில் அரை மதிப்பெண் கூடுதலாகப் பெற்று ஊர்தி அ வென்றது. எந்த வண்டி ஊர்தி அ என்பதைத் துணைக்குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தது. விழா நடந்த அன்று பேட்டரி அண்ணன் வண்டியில் இருந்தது. ஆகவே மாலையை அதற்குப் போட்டார்கள். தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மதிலோரம் நிறுத்தினார்கள்.

அறிக்கையில் பரிந்துரைகளும் இருந்தன. வென்ற ஊர்தி வயதானது என்பதால் அதை அநாவசியமாக நிறுத்திக் கிளப்பக் கூடாது. இரண்டு பேருக்குக் குறைவாக ஏறும் நிறுத்தங்கள் நீக்கப்படும். கண்காணிக்க ஓர் ஆய்வாளர் வண்டியிலேயே வருவார்.

திங்கட்கிழமை காலை தையலக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் வழக்கமான முனகல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் வண்டி நின்றது. தபால்காரர் தடியோடு தனியாக நின்றிருந்தார். இந்த நிறுத்தம் போய்விட்டால் அடுத்தது பெரிய சாலையைத் தாண்டி, ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம். அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பைலட்டுக்குப் பக்கத்தில் மடியில் அட்டையோடு ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார்.

பைலட் உடனே வண்டியை எடுக்கவில்லை. கீழே இறங்கி, சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பிறகு சக்கரங்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. கூப்பிடவும் இல்லை.

"போலாம்பா. ஒருத்தர்தானே" என்றார் ஆய்வாளர்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார் பைலட். நான்காவது சக்கரத்தை இரண்டாம் தடவை உதைத்தார்.

தையலக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். தைத்து முடித்துப் பட்டன் வைக்காத சட்டைகளைப் பையில் போட்டாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தாள். தபால்காரரின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.

"நீங்க நோயாளியா?" என்றார் ஆய்வாளர்.

"துணைக்கு வர்றேன்."

"யாருக்கு?"

அவள் தபால்காரரைக் காட்டினாள். ஆய்வாளர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அட்டையில் இரண்டு என்று எழுதிக்கொண்டார். பைலட் கதவைச் சாத்தினார்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் தபால்காரர் கேட்டார். "உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?"

"வீட்ல இருந்தாலும் பட்டன்தான் தைக்கப்போறேன்" என்றாள்.

பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். வண்டி ஆடியதில் நூல் கோக்க வரவில்லை. இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு, ஊசி ஒரு கையிலும் நூல் ஒரு கையிலுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையில் தபால்காரரை உள்ளே விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கோத்தாள். அவருக்கு முடிவதற்குள் எல்லாச் சட்டைகளுக்கும் பட்டன் வைத்துவிட்டாள். புதன்கிழமையும் வந்தாள். வெள்ளிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள்.

மாதக் கடைசியில் வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒப்பீட்டுக்கு முன்பும் பின்பும் நிறுத்தவாரியாகப் பயணிகளை ஆராய்ந்து எழுதப்பட்டது அது. தையலக்காவின் தெருமுனை நிறுத்தத்துக்கு எதிரே, 'முன்பு நோயாளிகள் இரண்டு, இப்போது ஏறுவோர் இரண்டு, இழப்பு ஏதுமில்லை' என்று போட்டிருந்தார்கள்.